எருமைக் குன்றின் காலி ஜாடி

சுங் யுன்-தாய்க்கு உட்காரத் தெரியாது என்று ஷா-தங் ஊரில் ஒரு பேச்சு உண்டு. கஞ்சி குடிப்பதும் நின்றபடி, வம்பு பேசுவதும் நின்றபடி. மணப்பெண்ணாகப் பல்லக்கில் வரும்போதே திரையை விலக்கி, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று தூக்கி வந்தவர்களைக் கேட்டவள் அவள். மாமியார் சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிக் குறைப்பட்டாள். குறைப்பட்டதில் தப்பில்லை. ஆனால் அவ்வளவு அவசரமாக வந்து சேர்ந்த வீட்டில் புருஷன் ஒரு போக நெல் அறுக்கிற வரைக்கும்தான் இருந்தான்.

புருஷன் பெயர் லாவ் தின்-ஹின். கப்பலில் கொதிகலனுக்குக் கரி தள்ளுகிற வேலை. நல்லவன்தான், சிரித்த முகம். போகும்போது வாசலில் நின்று, "அடுத்த அறுப்புக்கு வந்துடுவேன்" என்றான். கப்பல் தெற்கே ஏதோ ஒரு கடலில் புயலில் உடைந்தது. கப்பல்காரர்கள் தங்கும் விடுதியிலிருந்து ஓர் ஆள் வந்து சொல்லிவிட்டு, ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டுப் போனான். உடம்பு கிடைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் செத்தவர்களை ஒரே தடவையில் அனுப்பிவிடுவதில்லை. முதலில் புதைப்பது. சில வருஷம் கழித்துத் தோண்டி, எலும்பைக் கழுவித் துடைத்து, இடுப்புயர மண் ஜாடியில் உட்கார வைப்பது. கால் எலும்பு அடியில், இடுப்பு அதற்கு மேல், தலை உச்சியில். ஆள் குந்தி உட்கார்ந்திருக்கிற மாதிரி. வெறும் சுட்ட மண்தான், ஆனாலும் அதற்குப் பொன்ஜாடி என்று பெயர். ஷா-தங்கின் ஜாடிகள் எல்லாம் ஊருக்குப் பின்னால், படுத்த எருமை போலிருந்த எருமைக் குன்றில் வரிசை வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

கடலில் போனவனுக்கு எலும்புக்கு எங்கே போவது? ஆவியைக் கூப்பிடுவார்கள். லாவ் வம்சத்துக்குப் பெரியவர் கம்-ஷெங், யுன்-தாய்க்குப் பெரிய மாமனார் முறை. அவரே முன்னின்று நடத்தினார். தின்-ஹினின் பழைய சட்டையை மூங்கில் கழியில் மாட்டி, ஒரு சேவலைக் கையில் இடுக்கிக்கொண்டு, அலை முழங்காலை நனைக்க நின்று, "தின்-ஹின், வீட்டுக்கு வாடா!" என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். சேவல் கூவியது. வந்துவிட்டான் என்றார்கள். அவன் பெயரை வெள்ளித் தகட்டில் பொறித்து ஒரு ஜாடியில் போட்டு மூடி, வரிசையில் வைத்தார்கள். பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டார்கள். அது யுன்-தாய்க்கு.

அந்த ஓர் ஆள் இடம்தான் அவளுக்கு இருந்த சொத்து. பிள்ளை இல்லை, நிலம் இல்லை. அந்த ஜாடி வரிசையில் இருக்கிற வரை அவள் லாவ் வீட்டு மருமகள். அவள் செத்தால் அவள் எலும்பை யாராவது கழுவியே ஆகவேண்டும், புருஷன் பக்கத்தில் உட்கார வைத்தே ஆகவேண்டும், வருஷத்துக்கு இரண்டு தடவை சோறு காட்டியே ஆகவேண்டும். ஜாடி போனால் அவள் யாரோ. யாரோவின் எலும்பு நாதியில்லாக் குழிக்குப் போகும். ஆவி பசியோடு தெருத் தெருவாக அலையும். உயிரோடு இருக்கையில் ஓயாமல் நடந்தவளுக்குச் செத்த பிறகும் நடப்பதென்றால் குலை நடுக்கம்.

அப்போதுதான் வெள்ளைக்காரச் சர்க்கார் வந்தது.

வம்ச மண்டபக் கதவில் ஒரு தாளை ஒட்டினார்கள். கவுலூன் நகரம் பெருத்துவிட்டது, ரோடு போட வயல்கள் வேண்டும், விரிகுடாவைத் தூர்க்க மண் வேண்டும், ஆகையால் ஷா-தங்கையும் எருமைக் குன்றையும் சர்க்கார் எடுத்துக்கொள்கிறது. குன்றை வெட்டிக் கடலில் கொட்டி, கடலைத் தரையாக்கி, தரையில் வீடு கட்டி, அந்த வீட்டை நமக்கே வாடகைக்கு விடுவார்களாம். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு வெள்ளை முளைகளை அடித்துக்கொண்டு அளவுக்காரர்கள் வந்தபோது சிரிப்பு நின்றது.

துரைமார்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு மேடு பிடிக்காது, அவ்வளவுதான். மேட்டைக் கண்டால் வெட்ட வேண்டும், பள்ளத்தைக் கண்டால் நிரப்ப வேண்டும். தங்கள் பங்களாக்களை மட்டும் மேட்டின் உச்சியில் கட்டிக்கொள்வார்கள்.

கம்-ஷெங் பெரியவர் நல்ல அங்கியை மாட்டிக்கொண்டு சர்க்கார் ஆபீசுக்குப் போய், "ஊரைக் காக்கிற எருமையின் கழுத்தை வெட்டினால் ஊர் செத்துவிடும்" என்று சொல்லிப் பார்த்தார். "எருமைக்கும் சேர்த்து நஷ்டஈடு போட்டிருக்கிறது" என்று பதில் வந்தது. அடுத்த பருவத்துக்கு வயலில் நாற்று இல்லை, தண்டவாளம் இருந்தது.

குன்றை வெட்டுகிற வேலைக்குப் போனவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? குன்றடி ஊர்ப் பெண்கள்தான். வயலைப் பிடுங்கியாகிவிட்டது, வயிறு பிடுங்குகிறது, வேறு என்ன செய்வார்கள்? கறுப்புத் துணி தொங்கும் ஓலைத் தொப்பியோடு, தோளில் கழி, கழியின் இரண்டு பக்கமும் கூடை. ஆண்கள் மேலே கடப்பாரையும் வெடியும் வைத்து உடைப்பார்கள், பெண்கள் அள்ளிக்கொண்டு தள்ளுவண்டிக்கு ஓடுவார்கள். யுன்-தாய் எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். அவளுக்குப் பின்னால் ஓடியே இளைத்தவள் அ-லியென், பக்கத்து வீட்டுக்காரி, வாய் மட்டும் இளைக்காதவள்.

"அடியே, நீ ஓடற ஓட்டத்துக்கு இந்தக் குன்றை நீ ஒருத்தியே கடல்ல கொட்டிடுவ போல இருக்கு. மெதுவா போடி. குன்று முடிஞ்சா கூலியும் முடிஞ்சுடும்."

"நின்னா கண்டதும் தோணுது. ஓடினா ஒண்ணும் தோணலை," என்றாள் யுன்-தாய்.

வெட்டு மெல்ல மெல்ல மேலேறி ஜாடி வரிசைகளை நெருங்கியது. சர்க்கார் அதற்கும் ஒரு வழி செய்திருந்தது. ஊருக்கு வடக்கே ஒரு சரிவை இடுகாடாக ஒதுக்கி, எலும்புள்ள ஜாடி ஒவ்வொன்றுக்கும் அங்கே ஓர் இடம், கணவன் ஜாடி என்றால் மனைவிக்கும் பக்கத்தில் ஓர் இடம், தூக்கிப் போகிற செலவுக்குக் கையில் கொஞ்சம் காசு என்று சொன்னார்கள். காசு என்றதும் நம் ஆட்களுக்குப் புத்தி வேலை செய்தது. கிழக்குச் சந்துக்காரன் ஒருவன் சந்தையில் புது ஜாடிகள் வாங்கி, பன்றி எலும்பைப் போட்டு, அழுக்குப் பூசி, பாட்டன் பூட்டன் என்று வரிசையாக வைத்துவிட்டான். மேற்பார்வைத் துரை அவ்வளவு முட்டாள் இல்லை. ஒரு பூட்டனுக்குக் கோரைப் பல்லும் நீட்டின மூக்கும் இருப்பதைப் பார்த்துவிட்டான்.

அவன் கழுத்து சிவந்தது. உத்தரவு மாறியது. ஒவ்வொரு ஜாடியையும் திறந்து பார்க்க வேண்டும். மனித எலும்பு இருந்தால் சரி. பன்றி எலும்போ, காலியோ, அங்கேயே உடைத்து மண்ணோடு மண்ணாகக் கடலில் கொட்ட வேண்டும். பார்த்துச் சொல்ல எலும்பு கழுவுகிற யிப்பை வைத்தார்கள்.

யுன்-தாய் இதைக் கூடையோடு ஓடும்போதுதான் கேட்டாள். காலி ஜாடி என்ற சொல் காதில் விழுந்ததும் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்த அ-லியென் அவள் மேல் மோதி, இரண்டு பேர் கூடையும் சிதறியது.

கடல் அவனை ஒரு தடவை தின்றது. மறுபடியும் தின்னக் கொடுக்கப் போகிறார்கள். அதையும் அவள் கையாலேயே கூடையில் அள்ளச் சொல்வார்கள்.

அன்று மாலையே பெரியவர் வீட்டுக்குப் போனாள். அவர் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"பெரிய மாமா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா துரை கேப்பான். ஆவியைக் கூப்பிட்டு வெச்ச ஜாடின்னு சொல்லுங்க."

"சொல்லலைன்னா நினைக்கிறே? சொன்னேன், மருமவளே. மொழிபெயர்க்கிற மாக் அதை எப்படிச் சொன்னானோ, துரை சிரிக்கிறான். 'ஆவிக்கு இடம் எதுக்கு, அது எங்கேயும் நிக்குமே'ங்கிறான்."

"அப்ப எலும்பு இருக்குன்னு சொல்லுங்க."

"இல்லாததை இருக்குன்னு இந்த வயசுல என் வாயால சொல்ல மாட்டேன். கிழக்குச் சந்துக்காரன் பண்ணின அவமானமே போதும்." அவர் குரல் இறங்கியது. "தகட்டை எடுத்து நீ வீட்ல வெச்சுக்கோ."

எந்த வீட்டில்? அவர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. பாவம், அவருக்கே வீடு இல்லை.

மறுநாள் கஞ்சி வேளையில் அ-லியென் உப்புக்கருவாட்டைக் கடித்தபடி யோசனை சொன்னாள். "நல்ல பன்றி எலும்பா பார்த்து, மூக்கு இல்லாததா..."

"வாயை மூடு. வருஷா வருஷம் நான் பன்றிக்கா விழுந்து கும்பிடணும்?"

"அப்ப ஆள் எலும்பு போடு. பின்பக்கம் பாரு, கேட்க நாதியில்லாத ஜாடிங்க எத்தனை கிடக்கு. அதையெல்லாம் உடைச்சு ஒரே குழியில தள்ளப் போறானுங்க. அதுல ஒருத்தரை எடுத்தா யார் கேக்கப் போறா? அவருக்கும் ஒரு வீடு கிடைச்ச மாதிரி இருக்கும்."

"ஊரான் வந்து என் புருஷன் ஜாடியில உட்கார்றதா?"

"உன் புருஷன் என்ன இடத்தையா அடைக்கிறான்?" என்றாள் அ-லியென். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

யுன்-தாய் எழுந்து கழியைத் தோளில் போட்டாள். அன்றைக்கெல்லாம் மண்ணைக் கொட்ட வேண்டிய இடத்தில் கொட்டாமல் இரண்டு தடவை திரும்பி வந்தாள்.

அந்தக் குன்றில் ஆள் இல்லாத நேரம் என்று ஒன்றே ஒன்றுதான். வெடி வைக்கிற நேரம். சிவப்புக் கொடியைத் தூக்கி, தாம்பாளத்தை அடிப்பார்கள். அடித்தவுடன் எலிகூட இறங்கிவிடும். யுன்-தாய் மட்டும் இறங்கவில்லை. கூடையைக் கவிழ்த்துவிட்டுப் பின்பக்கமாக ஓடினாள்.

பின்பக்கத்து ஜாடிகள் புல் மூடிக் கிடந்தன. எந்தப் பஞ்சத்தில் எந்த ஊரிலிருந்து ஓடி வந்தவர்களோ. ஓரமாக இருந்த ஒன்றின் மூடியைத் திறந்து, "கோவிச்சுக்காதீங்க, எனக்கு வேற வழி தெரியலை" என்று சொன்னாள். மண்டையோடு மேலே இருந்தது. அதை முதலில் எடுத்துத் தலைத்துணியில் வைத்தாள். அவசரத்தில் பற்கள் ஒன்றோடொன்று தட்டின, அவளுடையதா அதனுடையதா என்று தெரியவில்லை. மற்ற எலும்புகளையும் வாரிக் கட்டிக்கொண்டு முன்பக்கம் ஓடினாள்.

அவள் தின்-ஹினின் ஜாடியைத் திறக்கவும் முதல் வெடி வெடிக்கவும் சரியாக இருந்தது. குன்று முதுகைச் சிலிர்த்தது. கல் மழையாக விழுந்தது. ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்தாள். ஒரு கல் தொப்பியைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அடுத்த வெடிக்குள் முடிக்க வேண்டும். மூட்டையைப் பிரித்து, கையில் கிடைத்ததைக் கிடைத்த வரிசையில் உள்ளே போட்டாள், உள்ளிருந்து எடுத்த வெள்ளித் தகட்டை மேலே போட்டாள், மூடினாள். இறங்கி வரும்போது அவள் முகமெல்லாம் செம்மண். "எங்கடி போனே?" என்று அ-லியென் கேட்டாள். "ஒதுங்கப் போனேன்" என்றாள்.

இரண்டொரு நாளில் சோதனை வந்தது. துரை, மாக், யிப், பின்னால் சம்மட்டியோடு ஒரு கூலி. கம்-ஷெங் பெரியவர் வம்சத்தின் சார்பாகக் கூட நடந்தார். காலியான ஜாடிகள் உடைகிற சத்தம் குன்றெல்லாம் கேட்டது. தின்-ஹினின் ஜாடி வந்ததும் பெரியவர் தலையைத் திருப்பிக்கொண்டார். கூலி சம்மட்டியைத் தூக்கியே விட்டான்.

யிப் மூடியைத் திறந்தார். குனிந்து பார்த்தார். கையை விட்டுக் கொஞ்சம் துழாவினார். நிமிர்ந்து யுன்-தாயைப் பார்த்தார்.

"ஆள் எலும்புதான்," என்றார்.

பெரியவர் சடக்கென்று திரும்பினார். "என்னது? இது எப்படி... இது கடலில் போன..."

யுன்-தாய் தலை குனியவில்லை. "கூப்பிட்டோமே, பெரிய மாமா. நீங்கதானே கூப்பிட்டீங்க. வந்துட்டார்."

பெரியவர் ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார். இல்லை என்றால் அவர் கூப்பிட்டது பொய், சேவல் பொய், தொண்டை கட்டியதும் பொய். ஆமாம் என்றால்... அவர் மெல்ல இரண்டு கையையும் கூப்பினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வந்துட்டான்," என்றார் துரையைப் பார்த்து. மாக் அதை மொழிபெயர்க்கவில்லை. துரை ஜாடியில் சுண்ணாம்புக் குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனான்.

யுன்-தாய்க்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஜெயித்துவிட்டாள். அவ்வளவுதான் தெரிந்தது.

மாலையில் யிப் அவளைக் கிணற்றடியில் மடக்கினார். வாயில் அரிசிச் சாராய வாடை.

"தங்கச்சி, உன் புருஷன் கடலுக்குப் போய் இடுப்பு அகண்டு வந்திருக்கான்."

"என்ன உளர்றீங்க, அண்ணே?"

"நான் உளரலை. எலும்பு சொல்லுது. நீ கொண்டுவந்து போட்டது பொம்பளை. சின்ன வயசு."

யுன்-தாய்க்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையில் இருந்த வாளி கிணற்றில் விழுந்தது.

"இன்னொண்ணும் இருக்கு, கேட்டுக்கோ..." என்று யிப் ஆரம்பித்தார்.

"போதும், போதும்!" என்று அவள் நடந்துவிட்டாள். யிப் பின்னால் கூப்பிட்டது கேட்டும் திரும்பவில்லை. வாளி யாருடையது என்றுகூட அவளுக்கு அப்போது ஞாபகம் இல்லை.

ஒரு போகம் குடித்தனம் பண்ணின புருஷனுக்கு, அவளே தன் கையால், வெடிச் சத்தத்தை மேளமாக வைத்து, ஒரு சக்களத்தியைக் கட்டி வைத்துவிட்டாள்.

ஊர் போயிற்று. குன்று போயிற்று. எருமையின் முதுகு இருந்த இடத்தில் பஸ் ஓடியது. லாவ் வம்சத்தார் ஆளுக்கொரு திசையில் சிதறினார்கள். பெரியவர் மகன் வீட்டுக்குப் போனார், சீக்கிரமே மேலேயும் போய்ச் சேர்ந்தார். யுன்-தாய் நகரத்தில் தகரக்கூரை அறை ஒன்றில் அ-லியெனோடு இருந்துகொண்டு, கட்டட வேலைக்கு மண் சுமந்தாள். பஸ் ரோட்டில் போகும்போது தன் வீடு எந்த இடத்தில் இருந்தது என்று தேடுவாள். மேடு இருந்தால்தானே அடையாளம் தெரியும்? கோபம் வரும். யார் மேல் என்று தெரியாமல் கோபம் வரும். கடைசியில் அது ஜாடிக்குள் இருக்கிறவள் மேல் போய் முடியும்.

இலையுதிர்காலத்தில் கல்லறைக்குப் போகிற நாளில் சரிவு முழுக்க ஊதுபத்தியும் பட்டாசுமாக இருக்கும். யுன்-தாய் இலைக்கொழுக்கட்டையும் கோழியும் படைப்பாள். படைத்துவிட்டு ஜாடியைப் பார்த்து, "இது அவருக்கு. உனக்கில்லை. கை வெச்சே, தெரியும்!" என்பாள்.

"பாவம்டி, அவளும் பசியாத்தானே இருப்பா?" என்பாள் அ-லியென்.

"பசிச்சா அவ பிள்ளைங்க வரட்டும். நான் அவரோட இருந்தது ஒரு போகம். இவ ராப்பகலா கூடவே உட்கார்ந்திருக்கா. இவளுக்குக் கொழுக்கட்டை வேறயா?"

"அப்ப எடுத்து வெளியே போட்டுடு."

"எடுத்தா ஜாடி காலி. மறுபடி எவனாவது திறந்து பார்த்தா?"

அதுதான் முடிச்சு. அவளை வைத்திருக்கவும் பொறுக்கவில்லை, எடுக்கவும் வழியில்லை. சில வருஷம் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களையெல்லாம் தேடிப் போய், "எருமைக் குன்றுக்குப் பின்னால உங்க வீட்டுப் பொண்ணு யாரையாவது வெச்சிருந்தீங்களா?" என்று விசாரித்துப் பார்த்தாள். ஒருவரும் ஆமென்று சொல்லவில்லை. "பைத்தியமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

தலை நரைத்த பிறகு மறுபடியும் தாள் ஒட்டினார்கள். விமானம் இறங்குகிற மைதானத்தைப் பெரிதாக்க வேண்டுமாம், அதற்கு மண் வேண்டுமாம், இடுகாட்டுச் சரிவையே வெட்டப் போகிறார்களாம். ஜாடிகள் எல்லாம் மலைக்கு அந்தப்பக்கம் போக வேண்டும். "செத்தவனையாவது ஒரு இடத்துல உட்கார விடறானுங்களா?" என்று அ-லியென் திட்டினாள். அவளுக்கு முழங்கால் போயிருந்தது, திட்டத்தான் முடிந்தது.

ஆனால் இந்தத் தடவை ஒரு மாற்றம். சண்டைக்குப் பயந்து வடக்கேயிருந்து வந்த அகதிக் கூட்டத்தால் சர்க்காருக்கு மூச்சுவிட நேரமில்லை. ஜாடியைத் திறந்து பார்க்கப் போவதில்லை. பெயரைச் சொன்னால் போதும், ஜாடியின் வயிற்றில் எழுதி இடம் காட்டிவிடுவார்கள். முன்போலவே கணவனுக்கு ஓர் இடம், மனைவிக்குப் பக்கத்தில் ஓர் இடம். பெயர் சொல்ல ஆளில்லாத எலும்பெல்லாம் வெட்டிய மண்ணோடு போகும்.

யுன்-தாய்க்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இனி எலும்பு தேவையில்லை! தகடு ஒன்று போதும்! நேரே யிப்பின் குடிசைக்குப் போனாள். அவர் கிழவராகிப் போயிருந்தார், சாராயத்தை டாக்டர் நிறுத்தச் சொல்லி நிறுத்தாமல் இருந்தார்.

"அண்ணே, வாங்க. அவளை எடுத்து வெளியே வெக்கணும்."

"யாரை?"

"யாரையா? என் சக்களத்தியை!"

யிப் சரிவில் பாய் விரித்தார். எலும்பு வெயிலைப் பார்க்கக் கூடாது என்று குடையை விரித்து அவள் கையில் கொடுத்தார். மூடியைத் திறந்து, தகட்டை எடுத்துத் தனியே வைத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"அன்னிக்கு ஒண்ணு சொல்ல வந்தேன். நீ நிக்கலை. இன்னிக்காவது நிக்கிறியா?"

"சொல்லுங்க."

"நீயே பாரு."

யுன்-தாய் குனிந்தாள். மேலே கால்விரல் எலும்புகள் இருந்தன. அதற்குக் கீழே தாடை எலும்போ தொடை எலும்போ, ஏதோ குறுக்கே கிடந்தது. தலையைக் காணவில்லை.

"தலை எங்கே?"

"அடியில. எல்லா எலும்போட பாரமும் அது மேல. தலைகீழா நிறுத்தி வெச்சிருக்கே, தங்கச்சி. அன்னிக்கே பார்த்தேன். துரை முன்னால வாயைத் திறக்க முடியலை. அப்புறம் நீயே சரி பண்ணிட்டிருப்பேன்னு நினைச்சேன்."

யுன்-தாய் குடையை ஜாடியின் வாய்க்கு மேல் தாழ்த்தினாள். வெடிச் சத்தமும் கல்மழையும் மண்டையோட்டை முதலில் எடுத்து முதலில் போட்டதும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. இத்தனை வருஷம். ஒவ்வொரு இலையுதிர்காலமும் இவள் முன்னால் வந்து நின்று வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறாள். ஜாடிக்குள் இருந்தவள் தலைகீழாக நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சோறும் கிடையாது.

புருஷன் செத்த செய்தி வந்தபோதுகூட அவள் அப்படி அழுததில்லை. செத்தவனுக்காக அழ ஊரே கூட இருந்தது. இவளுக்கு யாருமே இல்லை, தலைகீழாக நிறுத்தின ஒருத்தியைத் தவிர. யிப் எலும்பை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பாயில் பரப்பினார்.

"இப்ப என்ன செய்யட்டும்?" என்றார் கடைசியில். "பெயரில்லாததுங்களை அங்கே கீழே குவிக்கிறானுங்க. அங்க கொண்டுபோய் வெச்சுடவா?"

யுன்-தாய் மூக்கைச் சிந்தினாள். "இருங்க," என்றாள். இடுகாட்டு வாசலில் ஜாடி விற்கிறவனிடம் ஓடிப் போய்ப் புதிதாக ஒரு பொன்ஜாடி வாங்கிக்கொண்டு வந்தாள். "இதுல வெயுங்க. கால் கீழே, தலை மேல. ஒழுங்கா வெயுங்க."

யிப் ஒழுங்காக வைத்தார். குந்தி உட்கார்ந்த சின்னப் பெண்ணாக அவள் ஜாடிக்குள் அமர்ந்தாள். பழைய ஜாடியில் தகடு மட்டும். யுன்-தாய் கழியின் ஒரு முனையில் புருஷனைக் கட்டினாள், மறுமுனையில் அவளைக் கட்டினாள். புருஷன் பக்கம் பாரமே இல்லை. ஒரு கல்லை வைத்துச் சமன் செய்தாள்.

மலைக்கு அந்தப்பக்கம் வரிசை நீண்டு கிடந்தது. புதுக் குமாஸ்தா, சின்னப் பையனைப் போன்ற முகம், மொழிபெயர்த்த மாக் எப்போதோ போய்விட்டான். சிவப்பு மையில் தூரிகையைத் தோய்த்துக்கொண்டு தலை நிமிராமல் கேட்டான்.

"முதல் ஜாடி?"

"லாவ் தின்-ஹின். கப்பல்காரர்."

எழுதினான். "அடுத்தது?"

"அவர் சம்சாரம்."

"பேரு?"

யிப் அவளை முழங்கையால் இடித்தார். யுன்-தாய் ஜாடியைப் பார்த்தாள். என்ன பெயரோ. யார் வைத்ததோ. பின்னால் நின்றவர்கள் முனகினார்கள்.

"சீக்கிரம் சொல்லும்மா. பேரு இல்லைன்னா கீழே போடணும்."

"சுங் யுன்-தாய்," என்றாள்.

குமாஸ்தா ஜாடியின் வயிற்றில் அந்தப் பெயரை எழுதினான். நல்ல கையெழுத்து. ஈரமாக மின்னியது. "எப்ப செத்தாங்க?"

"எருமைக் குன்றை வெட்டினப்ப."

"ரெண்டும் சேர்த்து மேல் வரிசை, கடைசி. அதோட இந்த வீட்டுக்கு இடம் முடிஞ்சது. நீங்க யாரு?"

"சுமக்கிறவ."

யிப் வாசல் தாண்டும்வரை பொறுத்துக்கொண்டார். தாண்டியதும் அவள் கழியைப் பிடித்து நிறுத்தினார். "அடிப் பாவி! என்ன காரியம் பண்ணினே? அந்த ஒரு இடத்துக்காகத்தானே வெடிக்கு நடுவுல ஓடினே? உன் பேரையே கொடுத்துட்டியே, நாளைக்கு உன்னை எங்க கொண்டு வெக்கிறது? எந்தப் பேரைச் சொல்றது? நாதியில்லாம அலையப் போறே!"

யுன்-தாய் கழியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பயம் இல்லாமல் இல்லை. குரலில் அது தெரிந்தது.

"நான் நடந்து பழகினவ, அண்ணே. அவ இத்தனை வருஷமும் தலைகீழா நின்னவ."

சொல்லிவிட்டு மேல் வரிசையை நோக்கி ஏறினாள். பின்னால் ஜாடியோடு வந்த ஓர் ஆள் வழியை விடச் சொல்லி யிப்பிடம் கத்திக்கொண்டிருந்தான்.